நிலைத்துவிட்ட எண்ணும் ஈரப் பொடியும்

போன வாரம் உங்களில் ஒருவர் என்னிடம் ஒரு படத்தைக் காட்டினார். ஒரு மின்காந்தத்தின் குறுக்குவெட்டு. சிவப்பு, மஞ்சள், நீலம் என்று பந்தல் போட்டதுபோல வண்ணம். மூலைகளில் எறும்பு மொய்த்த மாதிரி குட்டிக் குட்டி முக்கோணங்கள். "விடை நிலைச்சிருச்சு மேடம். இனி எத்தனை தடவை பிரிச்சாலும் மாறாது" என்றார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் வாய் நமநமவென்றது. அந்த நிம்மதி எனக்கும் ஒரு முறை வந்திருக்கிறது. அதை நம்பி ஒரு விவசாயியின் போர்க் கிணற்றையே தொலைக்கப் பார்த்தோம். அதை உங்களுக்குச் சொல்லாமல் என்னால் ஓய்வாக உட்கார முடியாது. கொஞ்சம் பொறுத்துக்கொண்டு கேளுங்கள்.

எண்பதுகளின் நடுப்பகுதி. சேலத்திலிருந்து ஓமலூர் போகும் சாலையில் எங்கள் தொழிற்சாலை. மரியாதைக்காகத்தான் தொழிற்சாலை என்கிறேன். நீளமான ஒரு தகரக் கொட்டகை, இரும்பைக் கடையும் இரண்டு லேத், செம்புக் கம்பி சுற்றும் அறை, அவ்வளவுதான். மின்காந்தம் செய்தோம். ஜவ்வரிசி ஆலைகளில் மரவள்ளிக் கிழங்கோடு ஆணியும் லாடத் துண்டும் வந்து அரைக்கும் உருளையைக் கெடுத்துவிடும். அவற்றை முன்னாலேயே பிடித்து நிறுத்தும் காந்தங்கள்தான் எங்கள் சோறு. நான் சேலம் டவுனில் பிறந்தவள். என் அப்பா, எங்கள் வீட்டு வழக்கில் அத்தா, ஜவுளி வியாபாரி. "பொம்பளப் புள்ளைக்கு இரும்புப் பட்டறையில என்ன வேலை?" என்று சொந்தக்காரர்கள் கேட்டபோது, "அவ இரும்ப அடிக்கப் போகல, இழுக்கப் போறா" என்று சொல்லி வாயை அடைத்துவிட்டார்.

என் வேலை கணக்கு. காந்தத்தைச் செய்து முடித்தால்தான் அதன் பலம் தெரியும் என்றிருந்த இடத்தில், செய்வதற்கு முன்பே சொல்லிவிடலாம் என்று முதலாளியை நம்பவைத்திருந்தேன். ஃபைனைட் எலிமென்ட் முறை உங்களுக்குத் தெரியும். இந்த மாதம் சேர்ந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். காந்தத்தின் படத்தை முக்கோணங்களாக வெட்டுகிறோம். ஒவ்வொரு முக்கோணத்துக்குள்ளும் காந்தப்புலம் ஒரே சீராக இருப்பதாக வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறோம். புலம் வேகமாக மாறுகிற இடத்தில் பெரிய முக்கோணம் போட்டால் விடை பொய் சொல்லும். எங்கே சிறிதாக வெட்டுவது என்பதை அதுவரை நாங்களே குத்துமதிப்பாக முடிவு செய்துவந்தோம். நான் எழுதிய புரோகிராம் அதைத் தானே முடிவு செய்தது. ஒரு முறை கணக்குப் போடும். அக்கம்பக்கத்து முக்கோணங்களின் விடைகளை ஒப்பிடும். எங்கே ஒத்துப்போகவில்லையோ அங்கே மட்டும் பிளந்து மறுபடியும் கணக்குப் போடும். ஒரு வெளிநாட்டு ஆய்விதழின் மங்கிய ஜெராக்ஸைப் படித்து நானாக எழுதியது. அதில் எனக்கு இன்றைக்கும் கொஞ்சம் பெருமை உண்டு.

எங்களிடம் கணினி கிடையாது. ஒரு பொறியியல் கல்லூரியில், மாணவர்கள் வருவதற்கு முன்னால் காலையில் இடம் கொடுத்தார்கள். அந்தக் கணினி அறைக்குப் பொறுப்பாக ஒரு மூத்தவர் இருந்தார். சேலத்து வெயிலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு திரிந்த ஒரே மனிதர் அவராகத்தான் இருக்கும். ஏ.சி. அறையை விட்டு வெளியே வந்தாலும் அதைக் கழற்ற மாட்டார்.

ஒரு நாள் திருச்செங்கோட்டிலிருந்து ரிக் உரிமையாளர் ஒருவர் வந்தார். போர் போடும் வண்டி அவருடையது, ஓட்டுவதும் அவரே. கூடவே ஒரு விவசாயி. புதுச்சத்திரத்திலிருந்து உள்ளே தள்ளித் தோட்டம்.

"பிட்டு ஒடிஞ்சு உள்ளாற போயிருச்சுங்க" என்றார் ரிக்காரர். பிட் என்பது பாறையை உடைத்துக்கொண்டு போகும் இரும்புத் தலை. அதன் கழுத்து முறிந்து, தலை போரின் அடியில் கிடந்தது. "கொக்கி போட்டுப் பாத்தோமுங்க, நழுவிக்கிட்டே போகுது. காந்தம் ஒண்ணு செஞ்சு குடுத்தீங்கன்னா கவ்விக்கிட்டு வந்துருமுங்களா?"

விவசாயி ஓர் அடி முன்னால் வந்தார். "கெணறு காஞ்சு போச்சுங்க. கறவைகளுக்குக்கூடப் பக்கத்துத் தோட்டத்துல போயித் தண்ணி கேட்டு நிக்கிறமுங்க. இதுக்கு மின்ன போட்ட போருல வெறும் புழுதிதான். இதுலதானுங்க ஈரப் பொடி வந்துச்சு" என்றார். ஈரப் பொடி என்று சொல்லும்போது மட்டும் குரல் மாறியது. துளை போடும்போது காற்றோடு மேலே வரும் கல்பொடி நனைந்து வந்தால், கீழே நீர் இருக்கிறது, இன்னும் கொஞ்சம் போனால் கிடைக்கும் என்று பொருள். அந்த இன்னும் கொஞ்சத்துக்கு முன்னால்தான் பிட் ஒடிந்தது.

முதலாளி உடனே தலையாட்டிவிட்டார். எனக்கு ஒரு விஷயம் உறுத்தியது. பிட்டின் தலை போரின் அகலத்துக்குச் சரியாக இருக்கும். பாதி தூரம் தூக்கிக் கை நழுவினால் அது சாய்ந்து இரண்டு பக்கச் சுவரிலும் சிக்கிக்கொள்ளும். பிறகு எதைக்கொண்டும் அசைக்க முடியாது. போர் போயிற்று. இன்னொன்று போட அந்த விவசாயியால் ஆகாது. ஆக, தூக்கினால் ஒரே தடவையில் மேலே வரை தூக்க வேண்டும்.

கணக்கைத் தொடங்கினேன். என் புரோகிராம் முதல் நாளே அடம்பிடித்தது. காந்த முகத்தின் கூர்மையான மூலையிலேயே போய் நின்றுகொண்டு அதையே திரும்பத் திரும்பப் பிளந்தது. காகிதத்தில் வரைந்த கூர்மைக்கு முடிவே கிடையாது, எவ்வளவு பிளந்தாலும் அங்கே புலம் ஏறிக்கொண்டேதான் போகும். கணினியின் நினைவிடம் முழுவதும் அந்த மூலைக்கே தீர்ந்துபோனது. ஸ்வெட்டர்காரர் எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, உன் புரோகிராம் மூலையவே நோண்டிக்கிட்டு இருக்குதே. உனக்கு மூலை வேணுமா, தூக்குற பலம் வேணுமா?"

கன்னத்தில் தட்டியது மாதிரி இருந்தது. எங்கள் லேத்தில் எந்த விளிம்பும் அப்படிக் கூர்மையாக வருவதில்லை. அரம் போட்டு மழுக்கித்தான் வெளியே அனுப்புவோம். படத்திலும் அதே அளவுக்கு மழுக்கினேன். எந்த முக்கோணத்தைப் பிளந்தால் தூக்கும் பலம் மாறுகிறதோ அதற்கே முதலிடம் என்று புரோகிராமையும் திருத்தினேன். விடை சில சுற்றுகளில் நிலைத்தது. பிட்டின் எடையைப்போல இருபது மடங்கு தூக்கும் என்று வந்தது.

காந்தத்தைச் செய்தோம். ரிக்காரர் கொடுத்த வேறொரு பிட்டை வைத்துக் கொட்டகையில் சோதித்தோம். சங்கிலியில் தொங்கிய காந்தம் அதைக் கவ்வித் தூக்கியது. முதலாளிக்கு அது போதவில்லை. நல்ல ஆகிருதியான மனிதர். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பிட்டின் மேல் ஒரு காலை வைத்து ஏறிச் சங்கிலியைப் பிடித்து நின்றார். அவரையும் சேர்த்துத் தூக்கியது. கம்பி சுற்றும் பெண்கள் எல்லாம் கை தட்டினார்கள். கணக்கும் சோதனையும் கைகோத்துக்கொண்டன. அன்று எனக்கு இருந்த நிம்மதி இருக்கிறதே, உங்கள் வண்ணப் படம் தோற்றுவிடும்.

அதற்கு இரண்டாம் நாள் காந்தத்தை இறக்குவதாக ஏற்பாடு. கேபிளையும் மின்சார ஏற்பாட்டையும் பார்த்துவர, அன்று மத்தியானமே ரிக்காரரின் ஜீப்பில் தோட்டத்துக்குப் போனேன். சுற்றிலும் செடிகொடியெல்லாம் வெள்ளைப் புழுதி. போரின் வாய்க்குப் பக்கத்தில் மட்டும் சாம்பல் நிறத்தில் ஒரு குவியல். விவசாயி அதில் ஒரு பிடி எடுத்து அழுத்திக் காட்டினார்.

"பாருங்க அம்மிணி, புடிச்சா கொழுக்கட்டையாட்டம் நிக்குது. தண்ணி இல்லாமயா இப்படி நிக்கும்?"

அவருடைய மனைவி எனக்கு எவர்சில்வர் டம்ளரில் மோர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்துவிட்டு டம்ளரை அந்தக் குவியலின் மேலேயே கவிழ்த்து வைத்துவிட்டு, ரிக் வண்டியைப் பார்க்கப் போனேன். முறிந்த பிட்டின் மேல்பாதி இன்னும் வண்டியில் மாட்டியபடியே இருந்தது. எப்படி முறிந்திருக்கிறது என்று பார்க்கக் குனிந்தேன். முறிந்த முகம் தெரியவில்லை. அதே ஈரப் பொடி பூசியதுபோல அப்பியிருந்தது. நகத்தால் சுரண்டினேன். நகம் முழுதாக உள்ளே போயிற்று, இரும்பு தட்டுப்படவில்லை.

மேலே இருக்கிற பாதிக்கே இவ்வளவு பூச்சு என்றால் அடியில் கிடக்கும் தலைமேல் எவ்வளவு இருக்கும்? கல்பொடிக்கும் காந்தத்துக்கும் உறவு கிடையாது. காந்தத்துக்கும் இரும்புக்கும் நடுவில் அது இருந்தால், வெறும் காற்று இருப்பதும் ஒன்றுதான். அவருக்கு நம்பிக்கை கொடுத்த அந்த ஈரமே என் காந்தத்தின் பிடியைத் தளர்த்தப் போகிறது.

"காத்தடிச்சு இதச் சுத்தம் பண்ண முடியாதுங்களா?" என்று ரிக்காரரிடம் கேட்டேன்.

"அடிச்சுப் பாத்தாச்சுங்க. காஞ்ச பொடின்னா பறந்துரும். நெறையத் தண்ணி இருந்தா கழுவிக்கிட்டு வந்துரும். இது ரெண்டுங்கெட்டான் ஈரமுங்க, அப்பிக்கிட்டு வர மாட்டேங்குது. மேலருந்து தண்ணி ஊத்துனா செவுத்துல இருக்கறதும் எறங்கி இன்னும் மூடிக்கும்."

அந்த அம்மாவிடம் பழைய போசிப் பாத்திரம் ஒன்றைக் கேட்டு வாங்கி, அது நிறைய ஈரப் பொடியை அள்ளிக்கொண்டேன். டம்ளரை எடுத்துக் கொடுக்கப் போனபோது அது குவியலில் நன்றாகப் புதைந்திருந்தது. ஆட்டித்தான் எடுத்தேன். அப்போது அதை யோசிக்கவில்லை.

மறுநாள் காலையில் கணினி அறை. படத்தில் காந்தத்துக்கும் பிட்டுக்கும் நடுவே விரல் கனத்துக்கு ஒரு பூச்சு சேர்த்தேன். முதல் சுற்றிலேயே எண் விழுந்தது. புரோகிராம் அந்தப் பூச்சையும் அதன் ஓரங்களையும் பிளந்தது. எண் மறுபடியும் விழுந்தது. மேலும் பிளந்தது, மேலும் விழுந்தது. கடைசியில் பிட்டின் எடைக்குக் கொஞ்சம் மேலே போய் நிலைத்தது. அதுதான் மோசம். எடைக்குக் கீழே போயிருந்தால் பிட் கிளம்பவே கிளம்பாது, நஷ்டமில்லை. இதுவோ கிளம்பும். மேலே வருகிற வழியில் சுவரில் ஒரு உரசல், ஒரு குலுக்கல், அவ்வளவுதான், நடுவழியில் விட்டுவிடும். நான் எதற்குப் பயந்தேனோ அதையேதான் அந்த எண் சொன்னது.

கொட்டகைக்கு ஓடினேன். மறுநாள் என்றிருந்த வேலையை முதலாளி அன்றைக்கே மாற்றிவிட்டிருந்தார். ஜீப்பில் ஏற்றுவதற்காகக் காந்தத்தைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ரிக்காரரும் விவசாயியும் வந்து நின்றார்கள்.

"இன்னைக்கு வேண்டாம் சார்" என்றேன்.

"அன்னைக்கு நிலைச்சிருச்சுன்னு சொன்னது யாரு? நீதானே?"

"ஆமா சார். சுத்தமான இரும்புக்குச் சொன்னேன். உள்ள இருக்கறது அது இல்ல."

"என்னையே தூக்குச்சும்மா. அந்த ஒடிஞ்ச துண்டு என்னவிடக் கனமா?"

"ராசிபுரத்துல ஒரு தோட்டத்துக்குச் சொல்லிட்டனுங்க. ரிக்கு சும்மா நிக்குது" என்றார் ரிக்காரர், பாவம், கோபமில்லாமல்தான்.

எனக்குப் பயமாக இருந்தது. வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை. கணக்கு என்ற ஒன்றையே அந்தக் கொட்டகையில் யாரும் முழுதாக நம்பவில்லை. நேற்று ஒரு எண், இன்று ஒரு எண் என்று சொல்கிறவளை யார் நம்புவார்கள்? விவசாயி மட்டும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்த்த அந்தப் பார்வைக்காகத்தான் நான் பின்வாங்கவில்லை. போசியை எடுத்துவந்து, ஈரப் பொடியைச் சோதனைப் பிட்டின் மேல் விரல் கனத்துக்கு அப்பினேன். "இதோட ஒரு தடவை தூக்கிப் பாருங்க சார்" என்றேன்.

தூக்கினார்கள். பிட் தரையை விட்டுக் கிளம்பியது.

"பாத்தியா?" என்றார் முதலாளி. என் பதிலுக்குக் காத்திருக்காமல் முன்போலவே வேட்டியை மடித்துக் கட்டி, ஜம்மென்று காலை வைத்து ஏறினார். அடுத்த நொடி பிட் தரையில் கிடந்தது, முதலாளி உதிர்ந்த ஈரப் பொடிச் சேற்றில் உட்கார்ந்திருந்தார். சாண் உயரம்தான், அடி ஒன்றும் இல்லை. கம்பி சுற்றும் அறையிலிருந்து யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டார். கோபக்காரர்தான், ஆனால் கண்ணால் கண்டதோடு சண்டை போட மாட்டார்.

"சரி. இப்ப என்ன பண்ணலாங்கற?" என்றார், பின்பக்கத்தைத் துடைத்துக்கொண்டே.

கீழே கிடந்த பிட்டிடம் குனிந்தேன். காந்தத்தின் தட்டையான முகம் அதன் மேலிருந்த பொடியில் பதிந்த தடம் தெரிந்தது. சப்பாத்திபோல வழவழவென்று அமுங்கியிருந்ததே தவிர, எந்த இடத்திலும் இரும்புவரை இறங்கவில்லை. அப்போதுதான் அந்த மோர் டம்ளர் ஞாபகத்துக்கு வந்தது. தட்டு உட்கார்ந்தால் மேலேயே நிற்கும். டம்ளரின் விளிம்பு தன் பாரத்துக்கே உள்ளே வெட்டிக்கொண்டு இறங்கும். காந்த முகத்தை முழுவதும் குடைந்துவிட்டு, ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வட்ட விளிம்புகளை மட்டும் நிறுத்தினால்?

விளிம்பு மெலிதாக இருந்தால் நன்றாக இறங்கும், ஆனால் காந்தப்புலம் அதில் நெரிசல்பட்டுப் பலம் குறையும். தடிமனாக இருந்தால் பலம் உண்டு, இறங்காது. எவ்வளவு கனம் வைப்பது என்பதைக் கணக்குத்தான் சொல்ல வேண்டும். மறுநாள் காலை கணினி அறையில், புரோகிராம் நேராக விளிம்பின் மூலைக்குப் போய்ப் பிளக்கத் தொடங்கியது. "என்னம்மா, இப்ப மூலை வேணுமா?" என்றார் ஸ்வெட்டர்காரர். "இப்ப அதுதான் சார் வேணும்" என்றேன். பிட்டின் எடையைப்போல நாலு மடங்கில் வந்து நின்றது. பூச்சின் கனத்தைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தேன். எண் பெரிதாக அசையவில்லை.

"இருபதுன்னு சொல்லிட்டு நாலுங்கறியே" என்று முதலாளிக்கு மனத்தாங்கல்.

"அந்த இருபது சேத்தப் பாத்தா ஓடிப்போயிரும் சார். இந்த நாலு ஓடாது."

லேத்தில் போட்டுக் குடைந்தார்கள். மறுபடியும் ஈரப் பொடியை அப்பி, காந்தத்தை வைத்து ஒரு திருகு திருகினோம். பிட் கிளம்பியது. எல்லோரும் முதலாளியைப் பார்த்தார்கள். அவர் என்னைப் பார்த்தார்.

"உன் கணக்குதானே? நீ ஏறு."

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினேன். பிட்டின் எடையும் என் எடையும் சேர்ந்தால் அந்த நாலு மடங்குக்கு எவ்வளவு பக்கத்தில் வரும் என்பது அந்தக் கொட்டகையில் எனக்கு மட்டும்தான் தெரியும். சங்கிலியை இறுகப் பிடித்துக்கொண்டேன். தூக்கியது. இறங்கச் சொல்லும்வரை நின்றேன். கை தட்டல் இந்த முறையும் உண்டு. அதைக் கேட்கிற நிலையில் நான் இல்லை.

தோட்டத்தில் குழாயின் நுனியில் காந்தத்தைப் பூட்டி, மின்சாரம் கொடுக்காமலே இறக்கினார்கள். அடியில் தட்டியதும் ரிக்காரர் மெல்லத் திருகினார். பிறகு வண்டியிலிருந்த வெல்டிங் ஜெனரேட்டரின் மின்சாரத்தைக் காந்தத்துக்குக் கொடுத்தோம். இரும்பை நன்றாகக் கவ்வியிருந்தால் மின்சாரத்தைக் காட்டும் அம்மீட்டர் முள் சோம்பலாக ஏறும், கவ்வாவிட்டால் சட்டென்று ஏறிவிடும். முள் சோம்பலாக ஏறியது. குழாய்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வந்தார்கள். விவசாயியின் மனைவி முந்தானையை வாயில் வைத்தபடியே நின்றார். வெயில் சாயும் நேரத்தில் காந்தம் வெளியே வந்தது, பிட்டோடு.

மின்சாரத்தை நிறுத்திப் பிட்டைத் தனியாக எடுத்துப் பார்த்தோம். அதன் தலையில் பளபளவென்று இரண்டு வட்டங்கள், விளிம்பு வெட்டிக்கொண்டு போய் இரும்பைத் தொட்ட இடம். நடுவில் ஈரப் பொடி என் விரலைவிடக் கனமாக அப்படியே இருந்தது. ரிக்காரர் அதைத் தொட்டுப் பார்த்தார்.

"ஏனுங்க அம்மிணி, இந்தச் சேறு உள்ளாற இருக்குதுன்னு கம்ப்யூட்டரு கண்டுபுடிச்சுதுங்களா?"

"இல்லீங்க. அதுக்கு நான்தான் சொன்னேன்."

இதற்காகத்தான் உங்களை உட்காரவைத்தேன். அந்தப் புரோகிராம் என்னிடம் ஒரு பொய்யும் சொல்லவில்லை. நான் கொடுத்த படத்துக்குள் எங்கே பிழை இருக்கிறது என்று நாய்போல மோப்பம் பிடித்துத் தேடியது. படத்துக்கு வெளியே இருந்ததை அது எப்படித் தேடும்? முக்கோணத்தைப் பிளக்கும் வேலையை நீங்கள் கணினிக்கு விட்டுவிடலாம், என்னைவிட நன்றாகவே செய்யும். பிட் கிடக்கிற இடத்தைப் போய்ப் பார்க்கிற வேலை உங்களுடையது. எண் நிலைத்துவிட்டால் சந்தோஷப்படுங்கள். பிறகு ஜீப் ஏறுங்கள்.

தண்ணீர் வந்ததா என்று கேட்கிறீர்கள். புதுப் பிட் மாட்டி மறுநாள் ஓட்டினார்கள். எனக்கு அங்கே வேலை ஒன்றும் இல்லை, ஆனாலும் போனேன். பொடி கூழானது, கூழ் கலங்கலானது, பிறகு போரின் வாயிலிருந்து தண்ணீர் பீறிட்டு ரிக்காரரின் தலையிலேயே கொட்டியது. விவசாயி அதன் கீழே போய் நின்றுகொண்டு ஏதோ சொன்னார், இரைச்சலில் காதில் விழவில்லை. அவர் மனைவி ஓடிப்போய் அதே டம்ளரை எடுத்துவந்து பிடித்து என்னிடம் நீட்டினார்.

"கலங்கலா இருக்குது சாமி, தெளியட்டும், அப்பறம் குடி" என்றார்.

தெளிகிற வரைக்கும் யாருக்குப் பொறுமை? அப்படியே குடித்தேன். பல்லில் கல்பொடி நறநறவென்றது. அந்தப் பொடியோடு எனக்கு இருந்த பகையெல்லாம் அத்தோடு தீர்ந்தது.